பெர்லினில் ஒரு ஹங்கேரிய நாற்காலி

ஹங்கேரிய மொழியில் இன்று கிடைத்திருக்கும் ஆகப் பழைய கவிதை ஒரு மொழிபெயர்ப்பு. சிலுவையில் தொங்கும் மகனைப் பார்த்து மரியாள் அழுகிற புலம்பல் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டு லத்தீன் புலம்பல் ஒன்றை வைத்துக்கொண்டு, 1300ஐ ஒட்டிய காலத்தில், பெயர் தெரியாத யாரோ அதைத் தன் மொழியில் 37 வரிகளாக ஆக்கினார். டொமினிக்கன் துறவிகளின் லத்தீன் பிரசங்கங்கள் நிறைந்த ஒரு கையெழுத்துச் சுவடிக்குள் அந்த வரிகள் எழுதிவைக்கப்பட்டன. அதன் பிறகு 600 ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

அது வெளியே வந்த கதை விசித்திரமானது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லூவன் நகருக்குள் நுழைந்த ஜெர்மானியப் படை அங்கிருந்த பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தியது. லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். எரித்த புத்தகங்களுக்கு ஈடாக ஜெர்மனி புத்தகம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்காக ஜெர்மானியர்கள் விலைக்கு வாங்கிய பழஞ்சுவடிகளில் ஒன்றில்தான் இந்தப் புலம்பல் இருந்தது. லத்தீன் எழுத்துகளுக்கு நடுவே வேறு ஏதோ மொழி தெரிகிறது என்று 1922இல் கவனித்தார்கள். 1923இல் அதைப் படித்து, உரை கண்டு, உலகுக்கு அறிவித்தவர் ராபர்ட் கிராகர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய ஆய்வு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர்.

அதாவது, ஹங்கேரியர்களின் முதல் கவிதையை அடையாளம் காட்டியது ஹங்கேரிக்கு வெளியே இருந்த ஒரு ஹங்கேரிய இருக்கை.

இந்தக் கட்டுரை அந்த நிறுவனத்தைப் பற்றியது. "ஹங்கேரிய வச்சு நமக்கு என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நம் வாட்ஸாப் குழுக்களில் அதிகம் சுற்றிய இலக்கியச் செய்தி எது என்று யோசித்துப் பாருங்கள். ஹார்வர்டில் தமிழ் இருக்கை. அறுபது லட்சம் அமெரிக்க டாலர் திரட்டினார்கள். தமிழ்நாட்டு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. நம் ஊரிலும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். நாற்காலி வந்தால் அதில் உட்காருபவர் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு மட்டும் அவ்வளவாக எழவில்லை. சிறிய மொழி ஒன்று பெரிய பல்கலைக்கழகத்தில் நாற்காலி போட்டு நூறாண்டு உட்கார்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு பெர்லின் ஒரு நல்ல சாட்சி. நல்லதும் நடந்திருக்கிறது, அசிங்கமும் நடந்திருக்கிறது.

கிராகர் 1916இல் பெர்லினில் ஹங்கேரிய மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராக அமர்ந்தார். ஆண்டைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் ஒரே பக்கத்தில் நின்று சண்டையிட்டன. கூட்டாளி நாட்டின் மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வம் அப்போது திடீரென்று பிறந்தது. இலக்கியத்தின் மேல் உள்ள காதலால் இருக்கை வந்ததாக யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

போர் தோல்வியில் முடிந்தது. 1920இல் திரியானோன் ஒப்பந்தம் ஹங்கேரியின் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது. ஹங்கேரியம் பேசுகிற மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஒரே நாளில் வேறு நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். இப்படி ஒடுங்கிப்போன நாட்டின் கல்வி அமைச்சராக 1922இல் வந்தவர் குனோ கிளெபெல்ஸ்பெர்க். இனி நம்மிடம் படை இல்லை, பண்பாடுதான் ஆயுதம் என்பது அவருடைய கொள்கை. 1924இல் வியன்னாவிலும் பெர்லினிலும் கொலேகியும் ஹங்காரிகும் என்ற பெயரில் கல்லூரி இல்லங்களைத் திறந்தார். ஹங்கேரியிலிருந்து உதவித்தொகையில் வரும் இளம் ஆய்வாளர்கள் அங்கே தங்கிப் படிக்கலாம். பெர்லின் இல்லத்துக்கும் கிராகர்தான் இயக்குநர். பிரஷ்யப் பக்கத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர் கார்ல் ஹைன்ரிக் பெக்கர். அவர் அரசியல்வாதி மட்டுமல்ல, இஸ்லாமிய இயலில் பெரிய அறிஞர். இரண்டு அறிஞர்கள் இரண்டு அரசுகளிடம் காசு வாங்கி ஒரு நிறுவனத்தைக் கட்டினார்கள் என்றும் சொல்லலாம். 1921 முதல் ஜெர்மன் மொழியில் 'ஹங்கேரிய ஆண்டிதழ்' என்ற ஆய்விதழும் வந்தது.

கிராகர் 1926இல் இறந்தார். வயது 39. பத்தே ஆண்டுகள். அதற்குள் ஒரு துறை, ஒரு இல்லம், ஒரு இதழ், ஒரு கவிதை. நம் துறைத் தலைவர்கள் சிலர் பத்தாண்டில் பொன்னாடை எண்ணிக்கையை மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள் என்பது ஞாபகத்துக்கு வருகிறது. சரி, அது வேறு கதை.

ஹங்கேரிய இயல் என்று ஒன்று எங்கே அமைந்தாலும் ஒரு பேய் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூர்வீகம் என்ற பேய். தமிழ் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்குப் போன குழுவில் யானோஷ் ஷாய்னோவிச் என்ற ஹங்கேரிய யேசு சபைப் பாதிரியார் இருந்தார். வானத்தைப் பார்க்கப் போனவர் அங்கிருந்த சாமி மக்கள் பேசுவதைக் காதால் கேட்டார். கலைமான் மேய்ப்பவர்களும் மீன் பிடிப்பவர்களுமான அவர்களுடைய மொழிக்கும் தன் மொழிக்கும் உறவு இருப்பதாக 1770இல் ஒரு நூல் வெளியிட்டார். ஹங்கேரியப் பிரபுக்களுக்கு ஆத்திரம் வந்தது. அட்டிலாவின் வாரிசுகள், குதிரைமேல் வந்து நிலம் பிடித்த வீரர்கள் என்று தங்களைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு மீனவர்கள் உறவா? 'மீன் நாற்றமடிக்கிற உறவு' என்ற கிண்டல் ஹங்கேரியத்தில் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் அறிவியல் ஷாய்னோவிச் காட்டிய திசையில்தான் போனது. ஹங்கேரியம், ஃபின்னிஷ், எஸ்தோனியன், சாமி எல்லாம் ஒரே குடும்பம் என்பது இன்று மொழியியலில் தீர்ந்துபோன விஷயம்.

இன்னொருவர் ஷாண்டோர் கோரோஷி சோமா. தன் இனத்தின் ஆதி ஊரைக் கண்டுபிடிப்பேன் என்று ஆசியாவுக்குள் நடந்தார். ஊர் கிடைக்கவில்லை. லடாக் மடாலயங்களின் குளிரில் உட்கார்ந்து திபெத்திய மொழி படித்தார். 1834இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி அச்சானது. 1842இல் லாசாவுக்குப் போகிற வழியில் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். தன் வேரைத் தேடிப் போன ஒருவர் வேறொரு மக்களுக்கு அகராதி செய்து கொடுத்ததைவிட அழகான தோல்வி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வேர் தேடலில் நம் மொழியும் ஒருமுறை மாட்டியது. 1856இல் கால்டுவெல் தன் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளுக்குச் 'சித்திய' மொழிகளோடு உறவு இருப்பதாக வாதிட்டார். அவர் அந்தப் பெயரால் குறித்த கூட்டத்தில் ஹங்கேரியமும் ஃபின்னிஷும் அடக்கம். ஒட்டு மேல் ஒட்டாகச் சொல் கட்டும் முறை இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்பது அவர் பார்வைக்குப் பட்டிருக்கிறது. அந்த உறவை இன்று மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. ஒட்டு முறை பல குடும்பங்களில் தனித்தனியாக உண்டாவது. ஆனால் அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் ருசித்துப் பார்ப்பதில் தப்பில்லை. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பூர்வீகப் பேய் தங்கள் இனத்தின் பழம்பெருமையைத் தேடுகிற வரைக்கும் வேடிக்கையானது. அது பக்கத்தில் இருப்பவனின் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து. பெர்லின் நிறுவனத்தில் அதுவும் நடந்தது.

கிராகருக்குப் பின் 1928இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜுலா ஃபர்கஷ். திறமையான இலக்கிய வரலாற்றாசிரியர். 1938இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1867க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஹங்கேரிய இலக்கியத்தை 'ஒன்றிக்கலந்த காலம்' என்று பெயரிட்டு ஆராய்கிற நூல். அதில் எழுத்தாளர்களை அவர்கள் வந்த வழி வைத்துப் பிரிக்கிறார். இவர் ஹங்கேரிய வேர், இவர் ஜெர்மானிய வேர், இவர் யூதர். ஹங்கேரிய நகரப் பண்பாடு அன்று கலப்பில் உருவானது என்பது உண்மை. புடாபெஸ்டின் பத்திரிகைகள், நாடக அரங்குகள், கவிதை இதழ்கள் எல்லாவற்றிலும் யூதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் ஜெர்மன் வீட்டில் பிறந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த உண்மையை எந்த ஆண்டில், எந்த நகரத்தில் உட்கார்ந்து, எந்தப் பட்டியலாக எழுதுகிறோம் என்பது முக்கியம். 1938இல்தான் ஹங்கேரியின் முதல் யூத எதிர்ப்புச் சட்டமும் வந்தது. பத்திரிகை, நாடகம், சினிமாவில் யூதர்களின் பங்குக்கு அந்தச் சட்டம் உச்சவரம்பு வைத்தது.

ஃபர்கஷ் புத்தகத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். நான் சொல்வது இலக்கிய விமர்சனம் சார்ந்த விஷயம். ஒரு கவிதையைப் படித்து முடிப்பதற்கு முன்பே கவிஞனின் தாத்தா யார் என்று பார்த்துவிட்டால் அதன் பிறகு நடப்பது வாசிப்பே இல்லை. அங்கே எவ்வளவு தரவு குவித்தாலும் சரி. வெளிநாட்டு இருக்கையில் இருப்பவருக்கு இந்த நோய் சீக்கிரம் பிடிக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அவர் ஊரில் இல்லை. ஊரின் அழுக்கும் கலப்பும் அவரைத் தினமும் இடிப்பதில்லை. அந்நியர் முன்னால் 'இதுதான் நாங்கள்' என்று ஒரு சுத்தமான உருவம் காட்ட வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. யார் உண்மையான ஹங்கேரியன், யார் உண்மையான தமிழன் என்ற கேள்வி வெளிநாட்டுக் கூட்டங்களில் ஏன் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நிறுவனத்தில் இன்னொருவரும் இருந்தார். வோல்ஃப்காங் ஷ்டைனிட்ஸ். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், கம்யூனிஸ்ட். 1928 முதல் அங்கே உதவியாளராக வேலை பார்த்தார். 1933இல் நாஜிகள் வந்ததும் வேலை போனது. லெனின்கிராட் போனார், பிறகு ஸ்வீடன். சைபீரியாவின் ஓப் நதிக் கரையில் பேசப்படும் காந்தி மொழியை ஆராய்ந்தார். ஹங்கேரியத்தின் நெருங்கிய உறவு மொழி அது. உண்மையிலேயே மீன் பிடிப்பவர்களின் மொழி. போர் முடிந்து 1946இல் இடிந்து கிடந்த பெர்லினுக்குத் திரும்பியவர், கிழக்குப் பக்கத்தில் இருந்த அதே பல்கலைக்கழகத்தில் ஃபின்னோ-உக்ரிய இயலைத் திரும்பக் கட்டினார். 1949இல் அந்தப் பல்கலைக்கழகம் ஹும்போல்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஃபர்கஷ் மேற்கே போய் 1947இல் கோட்டிங்கனில் வேறொரு துறையைத் தொடங்கினார். இரண்டு பேரும் அறிஞர்கள்தான். வரலாறு சில நேரம் நீதிமன்றம் மாதிரி நடந்துகொள்வதில்லை.

இனி நான் முக்கியமாக நினைக்கிற பகுதிக்கு வருகிறேன்.

கிழக்கு ஜெர்மனியில் கவிதை மொழிபெயர்ப்புக்கு ஒரு முறை இருந்தது. மூல மொழி தெரிந்த ஒருவர் வரிக்கு வரி 'கச்சா வடிவம்' தயாரிப்பார். சொல்லுக்குச் சொல் பொருள், எந்த அசையில் அழுத்தம், எங்கே இயைபு, எந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இந்த வரி எந்தப் பழைய பாட்டை நினைவூட்டுகிறது, எல்லாம் குறிப்பாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு, மூல மொழி தெரியாத ஒரு ஜெர்மன் கவிஞர் அதைக் கவிதையாக ஆக்குவார். ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரியம் கற்பித்த பால் கார்பாதி இந்தக் கச்சா வேலையைக் கவிஞர் ஃப்ரான்ஸ் ஃப்யூமனுக்காகப் பல ஆண்டுகள் செய்தார்.

கச்சா வேலை என்றால் என்ன என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஹங்கேரியத்தில் 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸாய்ம்பன்' என்றால் 'என் வீடுகளில்'. பன்மை, உடைமை, வேற்றுமை மூன்றும் வாலாக ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கிறது. தமிழர்களான நமக்கு இது பழக்கப்பட்ட காரியம். வீடு, வீடுகள், வீடுகளில் என்று நாமும் ஒட்டிக்கொண்டே போகிறோம். ஜெர்மானியனுக்கு அதே விஷயத்துக்கு மூன்று தனிச் சொல் வேண்டும். வரி நீண்டுவிடும், தாளம் உடையும். இன்னொன்று. 'லாத்தோக்' என்றால் 'பார்க்கிறேன்', பொதுவாக. 'லாத்தோம்' என்றால் 'அதைப் பார்க்கிறேன்', குறிப்பிட்ட ஒன்றை. 'லாத்லக்' என்றால் 'நான் உன்னைப் பார்க்கிறேன்'. நானும் நீயும் பார்வையும் ஒரே சொல்லுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அந்த மொழியில் காதல் கவிதை எழுதினால் எப்படி இருக்கும்! அதோடு, ஹங்கேரியத்தில் அவன், அவள் என்ற பேதம் கிடையாது. இருவருக்கும் ஒரே சொல். கவிதையில் வருவது ஆணா பெண்ணா என்று கவிஞன் சொல்லாமலே விட்டுவிடலாம். ஜெர்மனில் சொல்லியே ஆக வேண்டும். தமிழிலும் பெரும்பாலும் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு அகராதி உதவாது. அந்தக் கவிஞனின் மற்ற கவிதைகளையும் வாழ்க்கையையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஹங்கேரியத்தை யாரும் பேருந்தில் போகும்போது காதில் விழுந்து கற்றுக்கொள்வதில்லை. அதைச் சுற்றியுள்ள மொழிகள் எதுவும் அதற்குச் சொந்தமில்லை. உட்கார்ந்து நாலைந்து ஆண்டு படித்தால்தான் வரும். அதற்குத்தான் துறை, நாற்காலி, நூலகம் எல்லாம். ஒரு துறை இருப்பதால் கார்பாதி இருக்கிறார். கார்பாதி இருப்பதால் ஃப்யூமன் ஹங்கேரியக் கவிதைக்குள் நுழைகிறார்.

ஃப்யூமன் யார்? 1922இல் பிறந்தவர். இளமையில் நாஜி இயக்கத்தில் இருந்தவர், ஹிட்லரின் படையில் சிப்பாய். சோவியத் சிறைமுகாமில் இருந்து திரும்பியவர். 1967இல் ஜெர்மன் மொழியில் அவர் கொண்டுவந்த ஒரு தொகுப்பு மிக்லோஷ் ராட்னோட்டியின் கவிதைகள். ராட்னோட்டி யூதக் குடும்பத்தில் பிறந்த ஹங்கேரியக் கவிஞர். கட்டாய உழைப்புப் படையில் செர்பியாவின் போர் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். 1944 நவம்பரில் ஓய்ந்துபோய் நடக்க முடியாமல் இருந்தவரை ஹங்கேரியக் காவலர்களே ஆப்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். 1946இல் குழியைத் தோண்டியபோது அவருடைய மேல்சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. கடைசிக் கவிதைகள் அதில் இருந்தன. ஃபர்கஷின் பட்டியல் முறைப்படி பார்த்தால் ராட்னோட்டி எந்தக் கட்டத்தில் வருவார் என்று சொல்லத் தேவையில்லை. ஹிட்லரின் முன்னாள் சிப்பாய் ஒருவர் அந்தக் கவிதைகளுக்கு ஜெர்மன் சொல் தேடி உட்கார்ந்திருந்தார். எனக்கு இது மன்னிப்புக் கதையாகத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டியவர் குழிக்குள் போய்விட்டார். ஆனால் ஒரு கவிதையை வரிவரியாகத் தன் மொழியில் திரும்பச் செய்யும்போது அதை எழுதியவன் நின்ற இடத்தில் கொஞ்ச நேரமாவது நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. 1973இல் ஃப்யூமன் எழுதிய புடாபெஸ்ட் நாட்குறிப்பு நூல் இதைக் காட்டுகிறது. சொல் தேடுகிற குறிப்புகளோடு ஆரம்பித்து, நான் யாராக இருந்தேன் என்ற விசாரணைக்குள் அது போய் விழுகிறது. தலைப்பிலேயே '22 நாட்கள்' என்று இருக்கும் அந்தப் புத்தகத்தைக் கிழக்கு ஜெர்மனி தந்த முக்கியமான உரைநடைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். ஹங்கேரியக் கவிதையை மொழிபெயர்க்கப் போகாமல் இருந்திருந்தால் அது அந்த வடிவில் வந்திருக்காது.

இந்தக் கச்சா முறைமேல் எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு. அட்டையில் கவிஞரின் பெயர் பெரிதாக நிற்கும். கச்சா செய்தவர் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பார். சில புத்தகங்களில் அதுகூட இருக்காது. உழைப்பின் பாதிக்கு மேல் அவருடையது. இன்னொரு குறை, கவிஞருக்கு மூல மொழியின் ஓசை காதில் விழுவதில்லை. குறிப்பில் எழுதிய ஓசைதான் அவருக்குத் தெரியும். இருந்தாலும், ஒன்றுமே வராமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் சொல்வேன். மொழியறிஞரும் கவிஞரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் நூறு வருடத்துக்கு ஒருவர் வருவார்.

நமக்கும் ஒரு கிராகர் இருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தனிநாயகம் அடிகள். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்-போர்த்துகீசியக் கையேடு, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போன்ற ஆதி அச்சு நூல்களை மேற்கு நாட்டு நூலகங்களில் பார்த்து அவற்றின் முக்கியத்துவத்தைத் தமிழுலகத்துக்குச் சொன்னவர் அவர். 'தம்பிரான் வணக்கம்' இருப்பது ஹார்வர்டில். அதுவும் ஒரு கிறிஸ்தவ நூல், அதுவும் ஒரு மொழிபெயர்ப்பு. ஹங்கேரியின் முதல் கவிதை மாதிரியே. பின்னாளில், 1961இல் இருந்து மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவர் முயற்சியால்.

மாநாடு நடந்ததை நாம் மறப்பதில்லை. வருடம் தவறாமல் மேடையில் சொல்லிக்காட்டுகிறோம். ஆனால் அந்த நூல்களைத் தேடிப் போன மனநிலை மேடையில் வருவதில்லை. 1956இல் தொடங்கிய துறை நமக்கு ஆசிரியர்களையும் ஆய்வேடுகளையும் கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. நம் எழுத்தாளர்களிலும் அங்கே படித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு எளிய கேள்வி. பக்கத்து வீட்டு மலாய் நண்பர் ஒருவர், "உங்க தமிழ்க் கவிதையில ஒண்ணு குடு, படிச்சுப் பாக்கிறேன்" என்று கேட்டால் மலாய் மொழியில் எதை எடுத்துக் கொடுப்போம்? திருக்குறள் இருக்கிறது. அதற்குப் பிறகு? இந்த நாட்டில் எழுதப்பட்ட நவீன தமிழ்க் கவிதையில் நமக்கே பிடித்த பத்தைத் தேர்ந்தெடுத்து, கச்சா வடிவம் செய்து, ஒரு மலாய்க் கவிஞரிடம் கொடுத்து உட்காரவைக்கிற வேலையை யார் செய்ய வேண்டும்? ஹார்வர்ட் செய்யாது. பாசார் மாலாமில் நின்று நம்மோடு மலாயில் பேரம் பேசுகிறவருக்கு நாம் என்ன எழுதுகிறோம் என்று தெரியாது. அவர் எழுதுவதிலும் நமக்குப் பாடநூலில் வந்த நாவலுக்கு மேல் தெரியாது. இத்தனைக்கும் நாம் அவர் மொழியில் சரளமாகச் சண்டை போடுவோம்.

பெர்லின் பக்கம் திரும்புகிறேன். ஹங்கேரிய எழுத்தாளர்கள் உலகத்துக்குப் போன பாதையில் ஜெர்மன் மொழி ஒரு சுங்கச்சாவடி மாதிரி நிற்கிறது. சாந்தோர் மாராய் 1942இல் எழுதிய நாவல் ஒன்று, அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 1999இல் ஜெர்மன் மொழியில் வந்து பெரும் வெற்றி பெற்றது. அந்த வருடம் ஃப்ராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் சிறப்பு நாடு ஹங்கேரி. நாம் ஆங்கிலத்தில் படிக்கிற அந்த நாவல் ஜெர்மன் வழியாகப் பெயர்க்கப்பட்டது. இம்ரே கெர்த்தேஸின் முதல் நாவலுக்கு 1990இல் ஒன்று, 1996இல் இன்னொன்று என இரண்டு ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் வந்தன. இரண்டாவது வந்த பிறகுதான் அவரை ஜெர்மானியர்கள் பரவலாகப் படித்தார்கள். 2002இல் நோபல். லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய் 1987இல் உதவித்தொகையில் மேற்கு பெர்லின் வந்தவர். அவருடைய முதல் நாவலின் ஜெர்மன் வடிவம் 1990இல் வந்துவிட்டது. ஆங்கில வாசகர்கள் 2012 வரை காத்திருந்தார்கள். 2025இல் அவருக்கும் நோபல். பரிசுச் செய்தி வரும்போது நாம் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கூகளில் தேடுகிறோம். ஜெர்மனில் அவரைப் படிக்கிறவர்கள் அதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பே தொடங்கிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் அந்த ஒரு துறைதான் காரணம் என்று சொன்னால் பொய். பதிப்பாளர்கள், வானொலிகள், உதவித்தொகைகள், சொந்த ஆர்வத்தில் மொழி கற்ற தனி மனிதர்கள், எல்லாரும் சேர்ந்துதான் செய்தார்கள். ஆனால் துறையிலிருந்து வந்த ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தெரேசியா மோரா. 1971இல் ஹங்கேரியின் ஷோப்ரோனில், ஜெர்மன் பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். 1990இல், சுவர் இடிந்த மறு வருடம், பெர்லினுக்கு வந்து ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய இயலும் நாடகவியலும் படித்தார். ஜெர்மன் மொழியில் எழுதினார். பீட்டர் எஸ்தர்ஹாசியின் பெருநாவலை அவர் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தது 2001இல் வெளியானது. எஸ்தர்ஹாசி ஹங்கேரியின் மிகப் பழைய பிரபு வம்சத்துப் பிள்ளை. அந்த நாவலின் முதல் பகுதியில் வரும் ஒவ்வொரு துண்டிலும் 'என் அப்பா' வேறு வேறு ஆளாக, வேறு வேறு நூற்றாண்டில் வருவார். பூர்வீகத்தைக் கேலி செய்வதற்கு அதைவிடப் பெரிய புத்தகம் அந்த மொழியில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். மோராவின் சொந்த நாவலுக்கு 2013இல் ஜெர்மன் புத்தகப் பரிசும், 2018இல் அந்த மொழியின் ஆக உயர்ந்த விருதான பூக்னர் பரிசும் கிடைத்தன.

ஹங்கேரியில் பிறந்து, ஜெர்மன் வீட்டில் வளர்ந்து, பெர்லினில் ஹங்கேரியம் படித்து, ஒரு ஹங்கேரியப் பிரபுவின் நாவலை ஜெர்மனாக ஆக்கி, ஜெர்மனின் பெரிய விருதை வாங்கியவரை ஃபர்கஷ் தன் 1938ஆம் வருடப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்? அவர் புத்தகம் இப்போதும் நூலகங்களில் இருக்கிறது. லூவன் சுவடியும் 1982இல் பரிமாற்றமாக ஹங்கேரிக்கு வந்து புடாபெஸ்ட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எஸ்தர்ஹாசியின் நாவல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. கடினமான வாசிப்புதான். முதல் ஐம்பது பக்கத்தைப் பொறுத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள், அப்புறம் அப்பாக்கள் தாங்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.